பாட்டுப் பெட்டி வாங்கப் போகிறீர்களா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் வீட்டுக்கு நல்ல ஸ்டீரியோ செட் ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்களா? நல்ல எண்ணந்தான். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை தூக்கியும் களைத்த உடம்புக்கு மாலையில் ஒரு பாட்டு மருந்து மாதிரி. ஆனால் ஆளுயரப் பெட்டியையும் அதில் மின்னும் வண்ண விளக்கையும் பார்த்து மயங்கிப் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மூன்றாம் மாதம் பாட்டு கரகரக்கும். தவணை மட்டும் நிற்காது. ஆகவே சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு பட்டணத்துக்குப் புறப்படுங்கள்.

அட்டைப் பெட்டியின் மேல் '1000 வாட்', '2000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்குக்கூட நிலைக்காத சக்தியைக் கணக்குப் போட்டுக் காட்டும் விளம்பரம் அது. ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கும் வாட்தான் அது தொடர்ந்து தரும் சக்தி. அதுவும் இல்லையென்றால் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். கரண்டிலிருந்து 60 வாட் இழுக்கும் பெட்டி, இடைவிடாமல் 1000 வாட் எப்படிக் கொடுக்கும்? ஒரு படி அரிசி போட்டுப் பத்துப் படிச் சோறு வடிக்க முடியுமா?

வாட் அதிகமானால் சத்தமும் அதே அளவு கூடும் என்பதும் தவறு. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு அது கொஞ்சந்தான். ஸ்பீக்கரின் உணர்திறன்தான் பெரிய விஷயம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 86 டெசிபெல் தரும், இன்னொன்று 92 தரும். இரண்டாவதுக்கு 20 வாட் கொடுத்தால் வருகிற சத்தத்தை முதலாவதில் கேட்க 80 வாட் வேண்டும். சின்ன ஹாலுக்கு, உணர்திறன் நல்ல ஸ்பீக்கரும் 20, 30 வாட் ஆம்ப்ளிபயருமே தாராளம்.

இனி, முக்கியமான ஜோடிப் பொருத்தத்துக்கு வருவோம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள் இதற்கு ஓம் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் பின்னால் 4 அல்லது 8 என்ற எண்ணும், பக்கத்தில் குதிரை லாடம் போல ஒரு குறியும் இருக்கும். அதுதான் ஓம். எண் குறையக் குறைய ஆம்ப்ளிபயரிலிருந்து அதிக மின்னோட்டத்தை அது இழுக்கும். '8 ஓமுக்குக் குறையக்கூடாது' என்று குறித்த ஆம்ப்ளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் கொதித்துப் போய் ஒருநாள் புகையும். நம் பையன்கள் பழைய கார் ஸ்பீக்கரைக் கழற்றி வந்து மாட்டுவார்கள். அவை பெரும்பாலும் 4 ஓம். ஒரே முனையில் இரண்டை இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகச் சேர்த்தால் 8. இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சின்ன ஆம்ப்ளிபயர் ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் பிசகு. கல்யாண வீட்டில் குமிழை முழுதும் திருகிவிட்டால் அதன் சக்தி போதாமல் ஒலியின் முனைகள் வெட்டுப்படும். அந்தச் சிதைந்த ஒலி முதலில் எரிப்பது சின்னஞ்சிறு ட்வீட்டரைத்தான். கரகரப்புக் கேட்ட உடனே குமிழைக் குறையுங்கள்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது, அவர்கள் போடும் 'தும்தும்' பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பழைய பாட்டு ஒன்றைக் கைத்தொலைபேசியில் கொண்டுபோங்கள். பாடகரின் குரல் எதிரில் நின்று பாடுவது போல இருக்கிறதா? இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். சத்தம் கூடியதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். விற்கத் தெரிந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்! சிங்கப்பூரில் படமெடுத்த 'பிரியா' (1978), ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான ஆரம்பகாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்று. அத்தகைய பதிவில் வாத்தியங்கள் இடமும் வலமும் பிரிந்து கேட்க வேண்டும்.

பழைய சாமான் வாங்குவதும் கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் ஸ்பீக்கர் காகிதக் கூம்பின் ஓரத்துப் பஞ்சு, நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உளுத்துப் போகும். தொட்டால் உதிர்கிறதா என்று பாருங்கள். ரப்பர் ஓரம் பரவாயில்லை. கூம்பை விரல்களால் மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டில் சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினாலும் 'பாஸ்' காணாமல் போகும். நிறம் அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்; கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் கூட்டல் முனை தொட்ட இடமே சிவப்பு. பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் ஈரம் ஏறிப் பலகை ஊதும். சிறு பலகை மேல் ஏற்றிவையுங்கள். மூலையில் ஒட்டிவைத்தால் 'பாஸ்' பெருகி எல்லாம் குழம்பும். இரண்டு பெட்டியும் நீங்கள் உட்காரும் இடமும் முக்கோணமாக அமையட்டும். ஆம்ப்ளிபயர் மேல் துணி விரித்துப் பூச்சாடி வைக்கும் தாய்மார்களே, அதற்கும் மூச்சு வேண்டும்!

லயத்து வீட்டில் நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. பெட்டியை அந்தச் சுவரில் சாய்க்காதீர்கள். அடுத்த வீட்டில் எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், இரவு ஒன்பதுக்குமேல் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். வாங்கும்போதே அதற்கான துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.