உங்களுக்குத் தெரியுமா? ஓடாத இன்ஜினும் ஓடும்!

பரணில் தூங்கும் பழைய மாதிரி ரயில்கள், அவற்றை ஓட வைக்கும் கெட்டிக்காரர்கள்! இந்த உலகத்துக்குள் புகுந்து நாங்கள் அள்ளி வந்த சங்கதிகள் இவை. ஒவ்வொன்றும் முத்து!

ஆரம்பமே அதிரடி!

அமெரிக்காவின் புகழ்பெற்ற லயனல் கம்பெனியின் முதல் ரயில், விளையாட்டுச் சாமானே இல்லை! 1900களின் தொடக்கத்தில் ஜோஷுவா லயனல் கோவன் அதை நியூயார்க் கடை ஜன்னலில் ஆளை இழுக்கத்தான் ஓடவிட்டார். உள்ளே இருந்தது மின்விசிறிக்காகச் செய்த மோட்டார்! கடைக்கு வந்தவர்கள் சரக்கை விட்டுவிட்டு ரயிலுக்கு விலை கேட்டார்கள்!

ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனி 1859இல் தொடங்கியபோது விற்றது என்ன தெரியுமா? சொப்புச் சாமான்! ரயில் வந்தது 1891இல், லைப்சிக் சந்தையில். இடையில் 32 வருஷம்!

சந்தைக்கு வாங்க!

பழைய பொம்மை ரயில் வாங்க வேண்டுமா? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் யார்க் என்ற ஊர் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை அங்கே ரயில் சந்தை கூடும். கூடங்கூடமாக, மேஜை மேஜையாக, எங்கு பார்த்தாலும் ரயில்!

ஜப்பானில் ‘ஹார்ட் ஆஃப்’ என்று ஒரு பழைய பொருள் கடைச் சங்கிலி. அங்கே ‘ஜங்க்’ பகுதி என்றே தனியாக உண்டு. ஓடுமா ஓடாதா, உத்தரவாதம் கிடையாது! ரயில் பிரியர்கள் நேராக அந்தக் கூடைகளுக்குத்தான் போகிறார்கள்!

பிங்க் நிறத்தில் ஒரு நீராவி இன்ஜின்! சிறுமிகளுக்காக 1957இல் லயனல் இறக்கியது. கடைகளில் சீந்துவார் இல்லை. இன்று? சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்! சாதாரண இன்ஜினுக்கு பிங்க் பெயின்ட் அடித்து ஏமாற்றும் ஆட்களும் உண்டு. உஷார்!

வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்!

பெட்டியை விட்டு வெளியே எடுக்காத 1930களின் ரயில்கூடத் தானாகவே தூளாகிவிடும்! காரணம், வார்ப்புத் துத்தநாகத்தில் கலந்த துளியூண்டு ஈயம். விரிசல் விடும், வீங்கும், உதிரும். மருந்தே கிடையாது!

இந்த நோய்க்குத் தடுப்பு மட்டும் உண்டு. அது சுத்தம்தான்! 1929இல் அமெரிக்காவின் நியூஜெர்சி ஸிங்க் கம்பெனி ‘ஸமாக்’ உலோகத்தைக் கொண்டுவந்தது. அதில் சேரும் துத்தநாகத்தின் தூய்மை 99.99 சதவீதம்!

இங்கிலாந்தில் 1950களின் தொடக்கத்தில் வந்த சில ரயில்கள் வாழைப்பழம் போல வளைந்து கிடக்கும். யாரும் வெயிலில் போடவில்லை! அவை செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக். சும்மா வைத்திருந்தாலே வருஷக்கணக்கில் சுருங்கி வளையும்!

எடை கூட்ட இன்ஜினுக்குள் ஈயக் குண்டுகளைக் கொட்டி, வெள்ளைப் பசை ஊற்றினால்? சில வருஷத்தில் ஈயம் வினைபுரிந்து உப்பிவிடும். இன்ஜினின் வயிறே வெடித்துப் பிளக்கும்! விவரம் தெரிந்தவர்கள் எபாக்ஸிதான் ஊற்றுகிறார்கள்!

ஓடும்போது ‘டொக்... டொக்...’ என்று தாளம் தப்பாமல் ஒரு சத்தம் வருகிறதா? மோட்டாரில் குறையே இல்லை! அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு மயிரிழை விரிசல். அதை மாற்றினால் சத்தம் மாயம்!

வீட்டுச் சாமானே போதும்!

‘இன்ஜின் செத்துப்போச்சு’ என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்களா? வாங்குங்கள்! பல இன்ஜின்களுக்கு ஒரு கோளாறும் இருக்காது. உள்ளே போட்ட கிரீஸ் வருஷக்கணக்கில் கெட்டியாகி மெழுகாகியிருக்கும். துடைத்துவிட்டு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஓட்டமான ஓட்டம்!

கம்பளத்து நூலும் தலைமுடியும் அச்சில் சுற்றினாலும் இன்ஜின் நின்றுவிடும். தேவையான கருவி? ஒரு சாமணம்!

கரன்ட் சரியாக ஏறாத தண்டவாளத்துக்கு வைத்தியம் என்ன தெரியுமா? பென்சில்! மெத்தென்ற கிராஃபைட் பென்சிலால் மேலே ஒரு கோடு இழுக்கிறார்கள். இன்ஜின் விக்காமல் போகிறது!

பழைய பெயின்டைக் கழற்ற இங்கிலாந்துக்காரர்கள் எதில் ஊறப்போடுகிறார்கள்? டெட்டாலில்! அமெரிக்காவில் மருந்துக்கடை ஐசோபுரோபைல் ஆல்கஹால். தொழிற்சாலையில் அடித்த பெயின்டே தோல் தோலாக உரியும்!

ரயிலுக்கு மேக்கப்! புத்தம்புது இன்ஜினை ஊர் சுற்றிய இன்ஜினாகக் காட்ட, ஜப்பானின் தாமியா கம்பெனி துரு, கரி, தூசு நிறப் பொடிகளை விற்கிறது. டப்பாவைத் திறந்தால் கண்ணிமைக்குப் பூசும் வண்ணப் பெட்டியேதான்! உள்ளே சின்ன ஸ்பாஞ்சு பிரஷ்கூட உண்டு!

சக்கரம் வழுக்குகிறதா? அமெரிக்காவில் ஒரு பச்சைத் திரவம் விற்கிறார்கள். சக்கரத்தில் தடவிச் சுற்றவிட்டால் காய்ந்து ரப்பர் டயராகிவிடும். அதன் பெயர் ‘புல்ஃபிராக் ஸ்னாட்’. அதாவது, தவளைச் சளி!

மோட்டாரில் ஒரு மாயம்!

இங்கிலாந்தில் பழைய ஹார்ன்பி, லிமா கம்பெனி இன்ஜின்களின் மோட்டாரைப் பிடுங்கிவிட்டு எதை வைக்கிறார்கள் தெரியுமா? பழைய கம்ப்யூட்டரின் சிடி டிரைவ் மோட்டாரை! அதே கூட்டுக்குள் அச்சாக உட்கார்கிறது. குப்பைக்குப் போகவிருந்தது ரயில் இழுக்கிறது!

பழைய மோட்டாரைக் கழற்றிக் காந்தத்தைத் தனியே எடுத்தீர்களா? போச்சு! அல்னிகோ காந்தம் இரும்பை விட்டுப் பிரிந்தவுடனே பலம் இழக்கும். வெளியே எடுத்தால் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு கட்டாயம்!

அந்தக் கிழட்டுக் காந்தத்துக்குப் பதில் குட்டி நியோடைமியம் காந்தங்களைச் செருகினால்? இன்ஜின் குறைவாகவே கரன்ட் குடிக்கும். சூடும் குறையும். இழுவை மட்டும் கூடும்!

பழைய மெர்க்லின் மோட்டாரில் இரண்டு பிரஷ். இரண்டும் ஒன்றல்ல! ஒன்று கார்பன், இன்னொன்று செம்புக் கம்பி வலை. இரண்டையும் வாங்கி ஜோடியாக மாற்றுகிறார்கள்!

அதே மெர்க்லின் இன்ஜினுக்குக் கம்பெனியே மாற்று மோட்டார் செட் விற்றது. மூன்று முனை ஆர்மேச்சரை எடு, ஐந்து முனையைப் போடு, நிலைக்காந்தத்தைப் பொருத்து. ஐம்பது வயது இன்ஜின் ஊர்ந்து ஊர்ந்து நகரும் அழகைப் பார்க்க வேண்டும்!

பழைய மெர்க்லின் இன்ஜினைப் பின்னால் போகச் சொல்வது எப்படி? 24 வோல்ட்டில் ஓர் உதை! உள்ளே ரிலே ‘டக்’கென்று திரும்பும். ஆனால் 220 வோல்ட் காலத்து டிரான்ஸ்ஃபார்மரை இன்றைய 230 வோல்ட்டில் செருகினால் அந்த உதை இன்னும் பலமாகும். புது எலக்ட்ரானிக் சில்லு கருகிவிடலாம்!

அமெரிக்க ஏதர்ன் கம்பெனியின் 1950களின் சில டீசல் இன்ஜின்களில் பல்சக்கரமே கிடையாது! மோட்டாரிலிருந்து அச்சுக்கு ரப்பர் பேண்ட்! அறுந்தால் இன்னொன்றைப் போடு, அவ்வளவுதான் ரிப்பேர். கிளம்பினால் ராக்கெட் வேகம்!

நிஜ ரயிலின் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம், 87இல் ஒரு பங்கான 1:87 அளவில் எவ்வளவு? விநாடிக்கு வெறும் 32 சென்டிமீட்டர்!

1946இல் லயனல் இன்ஜின் புகைவிட்டது. புகை எங்கிருந்து? பல்பிலிருந்து! பல்பின் தலையில் ஒரு குழி, குழியில் ஒரு மாத்திரை, பல்பின் சூட்டில் புகை!

குட்டிக்குள் கெட்டி!

இரண்டே இரண்டு தண்டவாளம். ஆனால் இன்ஜினுக்குள் நகம் அளவு ‘டீகோடர்’ சில்லு வைத்துவிட்டால், நான்கு இலக்க எண் கொடுத்துத் தனித்தனியாக ஓட்டலாம். எண்கள் 9,999 வரை! வேகம் மட்டும் 126 படிகள்!

பழைய இன்ஜினைப் பேச வைக்க வேண்டுமா? மொபைல் போனில் வரும் ஸ்பீக்கர் போதும்! 11 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர். விசில், ஹாரன், பிரேக், எல்லாம் அதிலிருந்தே!

கரன்ட் இல்லாத இடத்திலும் இன்ஜின் ஓடும்! உள்ளே ஒரு சூப்பர் கெபாசிட்டர். தண்டவாளத்தில் அழுக்கிருந்தாலும் சில விநாடிகள் தன் கையிருப்பில் கடந்துவிடும்!

உலகின் புகழ்பெற்ற காந்தக் கொக்கி ‘கேடீ’. வண்டியைத் தொடாமலே பெட்டியைக் கழற்றலாம்! கண்டுபிடித்தவர்கள் கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டையர். அமெரிக்கப் பழைய பெட்டிகளை வாங்குகிறவர்கள் முதலில் மாற்றுவது இந்தக் கொக்கியைத்தான்!

உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் காட்சி, ஹாம்பர்க்கின் மினியேச்சர் வுண்டர்லேண்ட். 2001இல் தொடங்கியவர்களும் இரட்டையர்களே! பெயர் பிரடெரிக், கெரிட் பிரவுன். ஓடும் ரயில்கள் ஆயிரத்துக்கும் மேல்!

தண்டவாள அகலம் 3 மில்லிமீட்டர். அளவு 1:450. ஜப்பானில் பிறந்த ‘டி’ ரயில் இது. சக்கரமே காந்தம்! அதனால் செங்குத்தான மேட்டிலும் ஒட்டிக்கொண்டு ஏறும்!

உருமாற்றக் கில்லாடிகள்!

இங்கிலாந்து ரயில்களின் உடல் 1:76, தண்டவாளமோ 1:87 அளவுக்கானது! அந்நாட்டு இன்ஜின்கள் ஒல்லி. அந்தக் கால மோட்டார் நுழையவில்லை. உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டார்கள்! பொறுக்காத ரசிகர்கள் சக்கரங்களைப் பிடுங்கி 18.83 மில்லிமீட்டருக்கு அகட்டி மாட்டுகிறார்கள். வழக்கமான 16.5 மில்லிமீட்டரோடு வித்தியாசம் வெறும் 2.33 மில்லிமீட்டர்!

நம்ம ஊர் ரயிலாக மாற்ற ஆசையா? நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 1:87இல் அது 19.3 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5!

பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர். 1:87 மாதிரியில் இருபத்து நாலரை சென்டிமீட்டர்! அது தடம் புரளாமல் ஓட எவ்வளவு எடை வேண்டும்? அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் கணக்கு: முதலில் ஒரு அவுன்ஸ், பிறகு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். போட்டுப் பார்த்தோம். 165 கிராம்!

கலிஃபோர்னியாவின் மாதிரி ரயில் கலைஞர் ஜான் ஆலன் ஒரு ஷண்டிங் இன்ஜினை என்னவாக மாற்றினார் தெரியுமா? டைனோசராக! முதுகில் தகடுகளோடு ஒரு ஸ்டெகோசாரஸ் அவரது தண்டவாளத்தில் பெட்டி இழுத்தது. பெயர் எம்மா. எண் 13!

1984இல் டிவியில் வந்த ‘தாமஸ்’ நீல இன்ஜினைக் குழந்தைகள் மறப்பார்களா? அது கார்ட்டூன் அல்ல, நிஜமாகவே ஓடிய மாதிரி ரயில்! தாமஸின் அடிப்பாகம் மெர்க்லினுடையது. ஜெர்மன் இன்ஜினின் மேல் ஆங்கிலேய முகம்!

ராக் பாடகர் நீல் யங், உடல் இயக்கக் குறைபாடுள்ள தன் மகனுக்காக ரயில் கன்ட்ரோலை மாற்றி அமைத்தார். ஒரே ஒரு பெரிய சிவப்பு பட்டன்! அதோடு நிற்கவில்லை. 1995இல் லயனல் கம்பெனியையே வாங்கிய கூட்டணியில் சேர்ந்துவிட்டார்!

இன்னொரு பாடகர் ராட் ஸ்டூவர்ட். கச்சேரிக்குப் போகும் ஊரிலெல்லாம் ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை! எதற்கு? மாதிரிக் கட்டடம் ஒட்ட! இருபது வருஷத்துக்கும் மேலான உழைப்பில் ஒரு நகரத்தையே எழுப்பி, 2019இல் உலகத்துக்குக் காட்டினார்!

கடைசியாக எங்கள் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு! அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் மாணவர்கள் மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். தானமாக வந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களைக் கோத்து ரயில் ஓட்டினார்கள். பின்னாளில் அந்தச் சங்கத்தில் சேர்ந்த பையன்கள் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். 1962இல் ‘ஸ்பேஸ்வார்’ வந்தது, உலகின் ஆரம்பகால வீடியோ கேம்களில் ஒன்று! அதை விளையாடக் கையடக்கக் கன்ட்ரோலர் வேண்டுமே? ரயில் சங்கத்துக்கு ஓடினார்கள். அங்கே கிடந்த உதிரிச் சாமான்களை வைத்தே செய்து முடித்தார்கள்! இன்று குழந்தைகள் கையில் இருக்கும் கேம் கன்ட்ரோலரின் தாத்தா, ரயில் ரிப்பேர் மேஜையில் பிறந்தவர்!