பழம் போத்தலும் புது விளக்கும்

இலங்கையின் பழைய வீடுகளில், அடுக்களைப் பக்கத்து மூலையொன்றிலே வெறும் போத்தல்களும் தகரப் பேணிகளும் சிரட்டைகளும் குவிந்து கிடப்பதைக் காணலாம். அயலார் கண்ணுக்கு அவை குப்பை. வீட்டுக்காரிக்கோ, அவையாவும் அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் ஆட்கள். ரின்பால் பேணி அரிசி அளக்கப் போகும். பால்மாப் பேணி அடியிலே துளைகள் பெற்றுக் கறிவேப்பிலைக் கன்றுக்கு இடங்கொடுக்கும். மூடியிலே ஆணியால் நெருக்கமாகக் குத்தினால் அதே பேணி நாற்றுக்கு நீர் தெளிக்கும் பூவாளியாகிவிடும். இக்காலத்தார் இதனை 'மீள்பயன்பாடு' என்னும் பெயரால் பெரிதும் போற்றுகின்றனர். பெயர் புதிது, தொழில் மிகப் பழையது.

ஆயினும், கழித்த பொருள் எதை எடுத்து எதுவாக மாற்றினாலும் நன்மையே என்று எண்ணிவிடலாகாது. ஒரு பொருள் தன் முதற்பணிக்கெனவே வடிவம் பெற்றது. அதனை வேறொரு பணியில் அமர்த்தும்பொழுது, அப்புதுப்பணி அதனிடத்து என்ன கேட்கின்றது என்று முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை கண்டபின் செய்த கைவேலை தலைமுறை கடந்தும் நிற்கின்றது. வினவாது செய்த கைவேலை சிலவேளை உயிரையும் வாங்கிவிடுகின்றது.

முதலிலே சிரட்டையைப் பார்ப்போம். தேங்காயை நடுவே உடைத்தால் இரண்டு பாதிகள் கிடைக்கும். ஒன்று கண்ணுள்ள பாதி. மற்றது கண்ணில்லாத பாதி. அகப்பை செய்பவர் கண்ணில்லாத பாதியையே தேடி எடுப்பர். கண்ணுள்ள பாதியிலே மென்மையான கண் ஒன்று உண்டு. அது நாளடைவில் உளுத்துக் கழன்றுவிடும், குழம்பு ஒழுகும். தேர்ந்தெடுத்த சிரட்டையின் தும்பை வழித்து மழமழப்பாக்கி, விளிம்பிற்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளைகள் இட்டு, அவற்றினூடே மரக்காம்பைச் செலுத்தி இறுக்கினால் அகப்பை ஆயிற்று. கொதிக்கும் கஞ்சியில் அமிழ்த்தினாலும் காம்பு சுடுவதில்லை. சட்டியின் மண்ணையும் சுரண்டுவதில்லை. அப்படியானால் கண்ணுள்ள பாதி வீணோ எனின், அன்று. நீத்துப்பெட்டி கைக்கெட்டாதவிடத்துச் சிரட்டையிலே புட்டு அவிப்பாரும் உளர். அதற்கு வேண்டியது கண்ணுள்ள பாதியே. கண்ணைத் திறந்துவிட்டால் அத்துளை வழியே நீராவி ஏறி மாவை அவித்துவிடும். அகப்பைக்குக் குற்றமாயிருந்த அதே துளை புட்டுக்குக் குணமாயிற்று. இறப்பர்த் தோட்டங்களிலே மரத்திற் கட்டிப் பாலேந்தும் கிண்ணமாகவும் சிரட்டை நெடுங்காலம் பணியாற்றியது. அங்கே துளைக்கு இடமே இல்லை. இவற்றையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பயிலாத மக்கள் செய்துபார்த்துச் செய்துபார்த்தே அறிந்தனர்.

பழஞ்சேலையில் ஏணை கட்டுவதும் அத்தகையதே. பலமுறை தோய்த்துத் தோய்த்து நைந்த பருத்திச் சேலை குழந்தையின் உடம்பை உறுத்தாது, காற்றும் புகும். புதுச்சேலையிலும் பழஞ்சேலை இதற்கு மேலானது என்றால், இங்கே முதுமையே தகுதியாகின்றது. வழுக்கும் செயற்கை இழைச்சேலையில் அந்தத் தகுதி இல்லை. முடிச்சு நழுவும், வியர்வையும் உலராது.

இனி விளக்கிற்கு வருவோம். மேலே கூறிய வினா உயிர்வினாவாக மாறியது இங்கேதான்.

மின்சாரம் எட்டாத வீடுகளில் இலங்கை எங்கணும் போத்தல் விளக்கு எரிந்தது. கடையிலே மேசைவிளக்கு வாங்கப் பணமில்லாதவன் மருந்துப் போத்தலையோ, சாராயப் போத்தலையோ, சோடாப் போத்தலையோ எடுத்தான். தகரத் துண்டொன்றிலே துளையிட்டுச் சிறு குழாயைப் பொருத்தினான். பஞ்சுத் திரியை அதனுள் நுழைத்து, மண்ணெண்ணெய் வார்த்து, வாயிலே தகரத்தைச் செருகினான். மயிர்த்துளைத்தன்மையால் எண்ணெய் திரிவழியே மேலேறும். நுனியிலே வெப்பத்தால் ஆவியாகி எரியும். ஏறக்குறையச் செலவேயில்லை. படிக்கும் பிள்ளைக்கும், இரவிலே சமைக்கும் தாய்க்கும், கொட்டிலிற் பால் கறப்பவனுக்கும் அஃது ஒளி தந்தது.

ஆனால் அந்தப் போத்தல் எதற்காக வார்க்கப்பட்டது? கையாற் பற்றி எடுத்து, சரித்து ஊற்றுவதற்கு. ஆகவே அது நெடிதாகவும் ஒல்லியாகவும் உருண்டையாகவும் அமைந்தது. சரித்தவுடன் உள்ளிருப்பது தடையின்றி வெளியே வரவேண்டும் என்பதே அதன் இலக்கணம். விளக்கு வேண்டுவதோ இதற்கு நேர்மாறானது. விளக்கு சரியலாகாது, சரிந்தாலும் உள்ளிருப்பது வெளியே வரலாகாது. நெடிய போத்தலின் பாரமையம் உயரத்தில் இருப்பதாலும் அடி குறுகியதாலும், பூனை உரசினாலும் சேலைத்தலைப்புப் பட்டாலும் அது கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தால் உருளும், உருண்டால் செருகிய தகரம் கழலும், எண்ணெய் பாயும், சுடர் அதனருகே காத்திருக்கும். திறந்த பாத்திரத்திலே நிற்கும் மண்ணெண்ணெய் எளிதிற் பற்றுவதில்லை. ஆயின், ஆடையிலோ பாயிலோ ஊறிவிட்டால் அந்தத் துணியே பெருந்திரியாகி ஒரு நொடியிற் கொழுந்துவிட்டு எரியும். தீக்காயங்களோடு வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்பட்டோருள் இவ்விளக்கினால் எரியுண்டோர் பலர். அவர்களுட் பெண்களும் குழந்தைகளும் பலர்.

இத்துயரை நேரிற் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் உளர். அவர் மருத்துவர் விஜய கொடகும்புர. எரிந்த உடலுக்கு மருந்திடுவதோடு அமையாது, எரிப்பது எது என்பதனையும் அவர் ஆராய்ந்தார். ஏழை வீட்டிற்கு 'விளக்கை விடு' என்று சொல்லிப் பயனில்லை. மாற்று விளக்கு அதே மலிவில் வேண்டும். இலங்கை மக்கள் நன்கறிந்த மார்மைற் போத்தல் அவருக்கு வழிகாட்டியாயிற்று. கட்டையாய், பருத்து, அடி அகன்று, கனத்து நிற்கும் போத்தல் அது. தட்டினாலும் எளிதிற் கவிழாது. மூடியோ திருகி இறுக்குவது. அவ்வியல்புகளையே அடிப்படையாகக் கொண்டு அவர் 'சுதீப' என்னும் பெயரால் விளக்கொன்றை வடிவமைத்தார். குள்ளமான கனத்த கண்ணாடி. கவிழ்ந்தாலும் உருளாதிருக்க இரு தட்டையான பக்கங்கள். எண்ணெய் சிந்தாதிருக்கத் திருகு மூடி. இவ்வளவே. இம்மூன்றும், பழைய விளக்கு மக்களைக் கொன்ற மூன்று வழிகளுக்கும் ஒவ்வொன்றாக இட்ட தடைகள். 1998ஆம் ஆண்டு இம்முயற்சிக்கு உலகறிந்த றோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்குகள் இலட்சக்கணக்கிற் செய்யப்பட்டு ஏழை வீடுகளைச் சென்றடைந்தன. வேண்டாத போத்தல் ஒன்றை நல்ல கண்ணோடு நோக்கியதன் விளைவு இது. பெரும் பொறிகளை வியக்கும் நாம், ஒரு போத்தலின் அடியை அகலமாக்கியவனையும் சற்றே வியத்தல் தகும்.

இதற்கு இணையான மற்றொரு விளக்கு யாழ்ப்பாணத்திலே பிறந்தது. அதனைச் செய்தவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டிற்கு மின்சாரம் இல்லாது போயிற்று. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய், பெற்றோல், மின்கலம், மெழுகுதிரி, சவர்க்காரம் முதலியவை அருமையாயின. கிடைத்த சிறிதளவு மண்ணெண்ணெய்க்கும் விலை எட்டாத உயரத்தில் நின்றது. ஆண்டுக்கணக்காக நீடித்த அந்நிலையிலே, வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தாக வேண்டும். அப்பொழுது வீடுதோறும் ஜாம் போத்தல் விளக்கு எரியத் தொடங்கிற்று.

அதன் அமைப்பு மிக எளிது. வாய் அகன்ற ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, அப்பஞ்சு ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் வார்ப்பர். துவிச்சக்கரவண்டியின் பழைய ரியூபிலிருந்து கழற்றிய வால்வுக் குழாயினுள் மெல்லிய திரியை நுழைத்து, கம்பியினால் அதனைப் போத்தலுள்ளே நிறுத்துவர். சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். சாதாரணப் போத்தல் விளக்கிலே கண்ணாடி எண்ணெய்க்கு மட்டும் கொள்கலம். இங்கேயோ அதே கண்ணாடி சுடரைக் காற்றினின்று காக்கும் சிமினியாகவும் ஆயிற்று. வால்வுக் குழாய் நுண்ணியதாதலால் திரியும் மெலிதாயிருக்கும். எண்ணெய் சிறுகச் சிறுகவே செலவாகும். பலரும் கருதாத நன்மை மற்றொன்றும் உண்டு. எண்ணெய் பஞ்சிலே ஊறி நிற்பதால், போத்தல் கவிழ்ந்தாலும் பாய்ந்து பரவுவதற்குத் தனி எண்ணெய் அதிகம் இல்லை. சிக்கனத்துக்காகச் செய்தது காவலுமாயிற்று. குறையும் இல்லாமலில்லை. காலையில் மூக்கைத் துடைத்தால் கரி. போத்தலின் உட்புறமும் கரி. நாள்தோறும் துடைக்க வேண்டும். ஒளியோ புத்தகத்தின் ஒரு பக்கத்திற்கே போதும். அந்த ஒரு பக்க ஒளியிலே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர்.

அதே காலத்தில் துவிச்சக்கரவண்டியும் வேறொரு பணியை ஏற்றது. வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்ற, விளக்கிற்கென இருந்த டைனமோ வானொலிப் பெட்டியை இயக்கிற்று. ஒருவர் சுழற்ற, சூழவிருந்து ஊரார் செய்தி கேட்டனர். சுழற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்! மோட்டார் வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. இவற்றையெல்லாம் விளையாட்டுக் கைவினை என்று எவரும் கருதவில்லை. இல்லாமை கற்பித்த பொறியியல் அது. அவ்வில்லாமையைப் புகழ வேண்டியதில்லை. அத்தகைய நாள்கள் எந்த மக்களுக்கும் வாராதிருத்தலே நன்று. ஆயினும், அப்பொழுது கைகள் கற்ற பாடம் மறக்கத்தக்கதன்று.

2022ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் ஆழ்ந்து, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டபொழுது, மண்ணெண்ணெய்க்கும் நீண்ட வரிசைகள் நின்றன. வடபகுதியின் முந்திய இருளைக் கண்டோருக்கு ஜாம் போத்தல் நினைவுக்கு வந்திருக்குமாயின் அதில் வியப்பில்லை.

இன்று பாடசாலைக் கைப்பணிக் கண்காட்சிகளிலே போத்தல்கள் பலவற்றைக் காணலாம். நிறந்தீட்டி, நூல் சுற்றி, முத்தொட்டி வைத்திருப்பர். கண்ணுக்கு அழகே, மாணவரின் பொறுமையும் பாராட்டத்தக்கதே. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை பணிமாறிய பொருள்களல்ல, உடைமாறிய பொருள்கள். ஓராண்டு அலுமாரியில் நின்று, தூசுபடிந்து, இறுதியில் அதே குப்பைக்குச் செல்கின்றன. அதனிலும், ஒரு பேணியை வெட்டி, கையை அறுக்கும் விளிம்பைக் குறட்டினால் மடித்துத் தட்டி, மா அள்ளும் கரண்டியாக்கித் தாயிடம் கொடுக்கும் மாணவன் மிகுதியாகக் கற்றவனாவான். விளிம்பை மடிக்கவேண்டும் என்ற அறிவே அங்கே பாடம்.

விளக்குச் செய்ய நேர்வோர் சில செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். குள்ளமான, கனத்த, அடி அகன்ற போத்தலையே எடுத்தல் வேண்டும். மூடி திருகுவதாயிருத்தல் வேண்டும். எரியும் விளக்கில் எண்ணெய் வார்க்கலாகாது. அணைத்து, ஆறவிட்டு, வெளியே கொண்டுபோய் வார்த்தல் வேண்டும். மண்ணெண்ணெயோடு பெற்றோல் கலந்திருக்குமாயின் அதனை விளக்கிற்கு விடவே கூடாது. பெற்றோலின் ஆவி சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றும். போத்தலினுள் நிறைந்த அவ்வாவி வெடித்துவிடும். நுளம்பு வலைக்கு அருகிலும், படுக்கும் பாயின் பக்கத்திலும் விளக்கை வைத்தலாகாது.

மீந்த மண்ணெண்ணெயை எதில் வைப்பது என்பதும் சிறு வினா அன்று. பழைய சோடாப் போத்தல்தான் பெரும்பாலும் கைக்கு அகப்படும். மூடி இறுகும், ஒழுகாது, நல்ல கொள்கலம் போலவே தோன்றும். ஆனால் அப்போத்தலைக் கண்டால் குடிக்கலாம் என்பதே குழந்தை கற்ற பாடம். இவ்வாறு மண்ணெண்ணெயையும் பயிர்க்கொல்லி மருந்தையும் அருந்திய குழந்தைகள் இந்நாட்டிற் பலர். ஆகையால் குடிபானம் இருந்த போத்தலை இவற்றுக்கு ஒருபோதும் எடுத்தலாகாது. குடிப்பதற்குப் பயன்படாத கலத்திலே வைத்து, பெயரெழுதி ஒட்டி, குழந்தையின் கைக்கெட்டாத உயரத்திலே பூட்டி வைத்தல் வேண்டும். தவறிக் குழந்தை மண்ணெண்ணெயை விழுங்கிவிட்டால், விரலை விட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. மேலே வரும் எண்ணெய் நுரையீரலுட் புகுந்தால் இரட்டைக் கேடாகும். எதனையும் பருகக் கொடாது, உள்ளபடியே தூக்கிக்கொண்டு அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். குடித்த போத்தலையும் உடன் கொண்டுசென்றால், உள்ளிருந்தது எது என்பதனை மருத்துவர் உடனே அறிந்துகொள்வர்.