பலகையின் முனையைப் பாருங்கள்

வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பி மாடியறைக்கு மரத்தளம் போட ஆசைப்படுகிற அண்ணாச்சிமார் என்னிடம் கேட்லாக்கை விரித்துக் கேட்பது ஒன்றுதான்: "இதுல எது முதல் தரம், எத்தன வருசம் கெடக்கும்?" உடன்குடியில் மரவேலை எடுத்துச் செய்கிற எனக்கு, இதை இரண்டு கேள்வியாகப் பிரித்தால்தான் பதில் சொல்ல முடியும்.

அமெரிக்க ஓக் பலகையைக் கிளியர், செலக்ட், நம்பர் 1 காமன், நம்பர் 2 காமன் என்று பிரிக்கிறார்கள். ஐரோப்பியப் பலகை என்றால் பிரைம், நேச்சர், ரஸ்டிக் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். பெயர் எதுவானாலும் அவர்கள் பார்ப்பது மேல்முகத்தைத்தான். கணு உண்டா, நிறம் சீராக ஓடுகிறதா, வெளிறிய வெள்ளைப் பகுதி தெரிகிறதா, பலகை நீளமா துண்டா என்பதுதான் கணக்கு. கிளியரும் நம்பர் 1 காமனும் ஒரே மரத்தில் அறுபட்டவையாக இருக்கலாம், காலடியில் இரண்டும் ஒன்றுபோல உழைக்கும். கூடுதல் விலை அழகுக்குத்தான். கணு உங்கள் கண்ணை உறுத்தாது என்றால் கீழ்த்தரத்தைத் தைரியமாக வாங்குங்கள். ஆடுகிற கணுவும் முனையில் வெடிப்பும் மட்டும் இருக்கக் கூடாது.

உறுதிக்கு வேறு அளவு இருக்கிறது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையைப் பாதி ஆழத்துக்கு மரத்தில் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது ஜான்கா சோதனை. சிவப்பு ஓக் 1,290 பவுண்டு தாங்கும். தேக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். நாற்காலிக் கால் பதிவதில் ஓக்கைவிடத் தேக்கு மென்மையானது என்றால் மதினிமார் நம்புவதில்லை. ஆனால் நம் ஊருக்குத் தேக்கையே நான் சொல்வேன். அதில் எண்ணெய்ச் சத்து உண்டு, கரையான் லேசில் நெருங்காது, ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் உப்புவதும் சுருங்குவதும் குறைவு. இவ்வளவும் மரத்தின் முற்றிய பகுதியான வைரத்துக்கு மட்டுமே பொருந்தும். வெள்ளைப் பகுதி தேக்கிலும் உளுத்துப் போகும்.

ஆகவே மேல்முகத்தை விட்டுவிட்டு முனையைப் பாருங்கள். தேக்குப் பலகையின் முனையில் பழுப்பு வைரத்தை ஒட்டி வெளிறிய பட்டை ஓடினால் அது வெள்ளை. சாயம் பூசி மறைத்திருந்தால் ஒரு முனையை இழைக்கச் சொல்லுங்கள், இரண்டு சீவலில் தெரிந்துவிடும். தேக்குக்கு வைரம் உள்ளே. நம்ம பனைக்கு வெளியே. புறத்தே காழ், அதாவது வைரம், உள்ளதைப் புல் என்றும் அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. முற்றிய பனையைப் பிளந்தால் ஓரத்தில் கறுத்த நார் நெருங்கி இரும்பாக இருக்கும், நடுவில் சோற்றுப்பகுதி விரலுக்கே நசுங்கும். அடிமரத்தில் வைரம் தடிமன், நுனிக்குப் போகப் போக மெலியும். பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது கழற்றுகிற கூரைச் சட்டங்களான பனங்கைகளில் உளி இன்றும் திணறுகிறது. அவற்றை விறகுக்குக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு ஆற்றாத வருத்தம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்த பிறகு, பழைய பனங்கைகளின் அருமை கூடியிருக்கிறது. தளத்துக்கு அகலப் பலகை அதில் கிடைக்காது. படிக்கட்டு விளிம்புக்கும் கைப்பிடிக்கும் அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஈரம். ஐப்பசி கார்த்திகையில் கடற்காற்றும் மழையுமாக மரம் குடிக்கும், ஆனி ஆடி மேல்காற்றில் காயும். பலகை அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 287 மண்டலம் மண்டலமாகச் சொல்கிறது. கடைக்காரரிடம் ஈரமானியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு கடை பாருங்கள். பலகைக் கட்டைப் பிரித்து, போடப்போகிற அறையிலேயே சில நாள் கிடத்த வேண்டும். புதுச் சிமெண்டுத் தரை நன்றாகக் காயாமல் மேலே மரம் போடக் கூடாது. சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூட வேண்டும். இதைச் செய்யாத வீட்டில், முதல் தரப் பலகையும் முதல் மழைக்காலத்திலேயே நடுவில் கூடாரம்போல எழும்பும்.

'எஞ்சினியர்டு' பலகையில் மேலே மட்டும் நிஜ மரம், அடியில் பிளைவுட் அடுக்கு. உப்புவது குறைவு என்பதால் கடலோரத்துக்கு நல்லதே. மேலடுக்கு 2 மில்லிமீட்டர் என்றால் மறுபடி இழைக்கப் பெரிதாக இடமில்லை. 4, 6 என்றால் பல வருடம் கழித்தும் இழைத்துப் புதிதாக்கலாம். கிரேடுக்கு முன்னால் இந்தத் தடிமனைக் கேளுங்கள். லேமினேட் மரத்தளமே இல்லை, அழுத்திய மரத்தூள் பலகையில் ஒட்டிய படம். அதன் ஏசி 3, ஏசி 4 எல்லாம் தேய்மானத்துக்கான எண்கள்.

தேரி மணல் காலோடு வந்து வார்னிஷைத் தேய்க்கும் ஊர் இது. அறை வாசலில் கனமான மிதியடி போடுங்கள். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வழக்கத்தை அந்த அறைக்குள் விடாதீர்கள், நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். கழுவாமல் இருக்க முடியாது என்கிற வீட்டாரிடம் டைல்ஸே போடச் சொல்லி நான் வேலையை விட்டுக்கொடுத்து விடுகிறேன்.