கம்ப்யூட்டருக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டு!

சென்னையின் மேற்குப் பகுதியில் இருக்கிறது அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்குள்ள சிறு பட்டறைகளிலும், ஆவடி, பூந்தமல்லி கடைகளிலும் பத்து வயதுக் கம்ப்யூட்டர்கள் இன்னும் பில் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பல வீடுகளில் பிள்ளைகள் படிப்பதும் அத்தகைய கம்ப்யூட்டரில்தான்.

பழைய கம்ப்யூட்டர் ஆமையாய் நகரும். புதிது வாங்கப் பணம் ஏது? "ராம் ஒன்று சேர்த்துப் போடுங்கள். ஓடும்!" என்பார் மெக்கானிக்.

ராம் என்பது என்ன?

கணக்கப்பிள்ளையின் மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜை சிறியதானால், நோட்டை அலமாரியில் வைப்பதும் எடுப்பதுமாகவே பொழுது போய்விடும். மேஜை பெரிதானால் வேலை ஓடும். ராமும் அப்படித்தான். சுமார் 13 செ.மீ. நீளமுள்ள பட்டை அது. இந்த வகை நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ராபர்ட் டென்னார்டு. 1968-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

2025-ம் ஆண்டின் கடைசியில் ராம் விலை உலகமெங்கும் தாறுமாறாக ஏறியது. அதனால் பழைய ராம் தேடி, அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் உண்டு. கிடைத்ததை வாங்கி மாட்டலாமா?

இனம் ஒன்றாக இருந்தால் மாட்டலாம். 'டி.டி.ஆர்.3' ராமுக்கு 240 தொடுமுனைகள். 'டி.டி.ஆர்.4' ராமுக்கு 288. அடியில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் மதர்போர்டும் சேர்ந்து போய்விடும்!

வண்டி மாடுகள்

ஒரே இனம், வேகம் வேறு. அப்போது? ஒன்று 2400, மற்றொன்று 3200 என்றால் இரண்டும் 2400-லேயே ஓடும். வண்டியில் பூட்டிய மாடுகளில் மெதுவான மாட்டின் நடைதானே வண்டியின் நடை!

அளவு வேறானாலும் பெரும்பாலும் ஓடும். 4 ஜி.பி.யும் 8 ஜி.பி.யும் சேர்ந்தால் 12. சம ஜோடியின் முழு வேகம் இராது. அதற்காக 4 ஜி.பி.யிலேயே கிடந்து திண்டாடுவது புத்திசாலித்தனம் ஆகுமா?

மலிவு என்ற வலை

பெரிய கம்பெனிகளின் 'சர்வர்' கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ராம் மலிவாக வரும். பார்வைக்கு அதே பட்டை. 'டி.டி.ஆர்.4' ஆனால் அதே இடத்தில் இறங்கவும் செய்யும். ஆனால் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் அதனுடன் உயிர் பெறாது. லேபிளில் 'ஆர்.டி.ஐ.எம்.எம்.' என்றோ, 'பி.சி.4' எண்ணின் கடைசியில் 'ஆர்' என்றோ இருந்தால் உஷார்!

இதைவிடப் பொல்லாதது, ஓடுவதுபோல் ஓடிக்கொண்டே தப்பு செய்யும் ஜோடி. கம்ப்யூட்டர் திடீரென்று நிற்கும். மாதக் கடைசியில் கணக்குப் பைல் திறக்காது. பட்டறைக்காரருக்கு அது ஒரு மாத உழைப்பு.

இதைக் கண்டுபிடிக்க 'மெம்டெஸ்ட்86' என்ற இலவசச் சோதனை இருக்கிறது. முதலில் கணக்கை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, இரவில் சோதனையை ஓட விடலாம். காலையில் ஒரு பிழை காட்டினாலும், ஒவ்வொரு ராமையும் தனித்தனியே மாட்டிச் சோதிக்க வேண்டும். தனியே நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் பிழை வந்தால் அந்த ஜோடி ஒத்துப்போகவில்லை. புதிதாக வாங்கியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். சேராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதி வாங்கியிருந்தால் கடைக்காரருடன் சண்டை இல்லை.