திரைப்படத்தின் நாடும் ஆக்கியோர் உரிமையும்

ஒரு நூலை ஆராயப் புகுவோர், அதனை ஆக்கியோன் யாவன், அது வழங்கும் எல்லை யாது என முதற்கண் வினவுவர். பாயிரத்திற்கு இலக்கணம் வகுத்தோர் இவ்விரண்டனையும் கூறவேண்டியவற்றுள் வைத்தமை இதுபற்றியே. நூலுக்குரிய இவ்வினாக்கள் திரைப்படத்திற்கும் உரியன. ஆயின், நூல் பெரும்பாலும் ஒருவர் படைப்பு. திரைப்படமோ பலர் கூடி ஆக்குவது. அவருள்ளும் பொருள் தருவோர் ஒரு நாட்டினராகவும், எழுதுவோர் பிறிதொரு நாட்டினராகவும், நடிப்போர் வேறு நாட்டினராகவும் அமைதல் உண்டு. அவ்விடத்துப் படத்தை எந்நாட்டினது என்பது? யாருடைய பெயரை எவ்விடத்தில் வைப்பது? 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தைச் சான்றாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

1. படத்தின் நாடு

இப்படத்தின் மூலக்கதை, பிரெஞ்சுக்காரராகிய பியேர் பூல் 1952இல் தம் மொழியில் வெளியிட்ட நாவல். தயாரித்தவர் சாம் ஸ்பீகல். ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். படத்தை உலகெங்கும் கொண்டுசென்றது அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம். இயக்கிய டேவிட் லீன், தலைமை வேடம் ஏற்ற அலெக் கின்னஸ், இசை அமைத்த மால்கம் ஆர்னால்டு ஆகியோர் ஆங்கிலேயர். உடன் நடித்த வில்லியம் ஹோல்டன் அமெரிக்கர். செசுவே ஹயக்காவா ஜப்பானியர். கதை நிகழும் இடம் சயாம். படம்பிடித்த இடமோ இலங்கையில் களனி ஆறு பாயும் கித்துள்கல.

இவற்றுள் எதனைக் கொண்டு நாட்டைத் துணிவது? பிரித்தானியர் இதற்குச் சட்டத்தால் விடை கண்டனர். 1927ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம், பிரித்தானியப் படம் எனப்படுவதற்குச் சில அடையாளங்களை வகுத்தது. தயாரிக்கும் நிறுவனம் பிரித்தானியருடையதாதல் வேண்டும். கூடக் காட்சிகள் பேரரசின் எல்லைக்குள் எடுக்கப்படல் வேண்டும். ஊதியத்தில் 75 விழுக்காட்டுக்குக் குறையாத பகுதி, விலக்கப்பட்ட சில ஊதியங்கள் போக, பிரித்தானியக் குடிகளுக்குச் சேர்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. அமெரிக்கப் படங்களின் பெருக்கால் நலிந்த உள்நாட்டுத் தொழிலைக் காப்பதே அச்சட்டத்தின் நோக்கம். எனவே அது வினவியது தொழில் யாருக்குக் கிடைத்தது என்பதனையே. கலை யாருடையது என்பதனை அன்று.

இவ்வேறுபாட்டை உணராமையால் மயக்கம் பிறக்கின்றது. குவாய்ப் படத்தைப் பிரித்தானியத் திரைப்பட அகாடமி அவ்வாண்டின் சிறந்த பிரித்தானியப் படமாகத் தேர்ந்தது. அமெரிக்கத் திரைப்பட நிலையம் 1998இல் வெளியிட்ட நூறு அமெரிக்கப் படங்களின் வரிசையில் அதனை 13ஆம் இடத்தில் வைத்தது. மறு ஆண்டில் பிரித்தானியத் திரைப்பட நிலையம் வெளியிட்ட நூறு பிரித்தானியப் படங்களின் வரிசையில் அது 11ஆம் இடம் பெற்றது. ஒரே படம் இருநாட்டுக்கும் உரியதாயிற்று. இவ்விரண்டனுள் ஒன்று பொய் எனல் வேண்டா. இரண்டும் வெவ்வேறு அளவுகோல் கொண்டு அளந்தவை. தவறு, அளவுகோல் இன்னதென்று கூறாமையே.

இந்தியாவில் இவ்வினா மொழிவழி எழுகின்றது. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும்படம் எனப்படும். அதனை எடுத்தது பம்பாயில் இருந்த இம்பீரியல் நிறுவனம், இயக்கியவர் எச். எம். ரெட்டி. டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தோர் பிறமொழியிலும் பேசினர். இதனைத் தமிழ்ப்படம் என்பது மொழிபற்றிய வழக்கேயன்றி இடம்பற்றியதோ பொருள் முதலீடுபற்றியதோ அன்று.

2. ஆக்கியோர் பெயர்

நாடுபற்றிய பிழை மயக்கம் விளைக்கும். பெயர்பற்றிய பிழையோ தீங்கு விளைக்கும். குவாய்ப் படத்தின் திரைக்கதையை எழுதியோர் கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன் என்னும் அமெரிக்கர் இருவர். பொதுவுடைமைச் சார்பு உடையோர் என ஐயுறப்பட்டு, அந்நாட்டுத் திரைத்தொழிலினின்றும் விலக்கப்பட்டோர் பட்டியலில் இருவர் பெயரும் இருந்தன. ஆதலின் படத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை. திரைக்கதை பியேர் பூல் எழுதியதாகவே காட்டப்பட்டது. 1958இல் திரைக்கதைக்குரிய ஆஸ்கர் பரிசும் அவர்க்கே அறிவிக்கப்பட்டது. பிரித்தானிய அகாடமியும் சிறந்த பிரித்தானியத் திரைக்கதைக்குரிய பரிசை அவர்க்கே அளித்தது. அமெரிக்கர் எழுதியது, பிரெஞ்சுக்காரர் பெயரால், பிரித்தானியப் பரிசு பெற்றது! நாட்டையும் பெயரையும் ஆராயாது எழுதும் வரலாறு எங்ஙனம் திரியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

வில்சன் 1978இல் மறைந்தார். போர்மன் 1984இல் மறைந்தார். அவ்வாண்டிலேதான் ஆஸ்கர் அகாடமி இருவரையும் அத்திரைக்கதையின் ஆசிரியராக ஏற்றது. பிற்காலப் படிகளில் அவர்தம் பெயர் சேர்க்கப்பட்டது. நீதி கிடைத்தது, எனினும் அதனைக் காண வேண்டியவர் இலர்.

3. தமிழ் மரபு காட்டும் நெறி

கூட்டுப் படைப்பில் பெயர் கூறும் முறை தமிழர்க்குப் புதிதன்று. ஐங்குறுநூற்றைப் பாடினோர் புலவர் ஐவர். தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இம்மூன்று தொழிலையும் நம் முன்னோர் வேறுவேறாகப் போற்றினர். தொகுப்பித்த வேந்தனைப் பாடியவன் என்றாரிலர். பாடிய புலவரின் இயற்பெயர் அறியாவிடத்தும், செம்புலப் பெயல்நீரார் என்றாற்போலப் பாடலின் தொடரையே பெயராக்கி வழங்கினர். அறியாத பெயரை அறிந்தார் ஒருவர் பெயரால் மறைக்கும் வழக்கம் அவர்பால் இல்லை.

இந்நெறியைத் திரைப்படத்திற்கும் கொள்ளலாம். ஒரு படத்தைப் பதிவு செய்வோர், நாடு என ஒரு சொல்லை இட்டு அமையாது, பொருள் தந்த நாடு, தயாரித்த நிறுவனம், படம்பிடித்த இடம், பேசும் மொழி, ஆக்கியோர் பிறப்பு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். மூலக்கதை எழுதியவரையும் திரைக்கதை எழுதியவரையும் பிரித்துக் கூறல் வேண்டும். படத்தில் காட்டிய பெயரும் ஆராய்ச்சியால் தெளிந்த பெயரும் மாறுபடின், இரண்டனையும் காரணத்தொடு குறித்தல் வேண்டும்.

நாட்டைக் குறித்தல் பெருமை பேசுதற்கு அன்று. கதை யாருடைய கண்கொண்டு காணப்பட்டது என்பதனை உணர்தற்கே. சயாம்-பர்மா இருப்புப்பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் இடப்பட்டபோது, நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னீராயிரவர்க்கு மேல் மாண்டனர். மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகையோ அதனினும் பன்மடங்கு. அவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பலர். குவாய்ப் படத்தின் கதை பிரித்தானியப் படைவீரரைப் பற்றியது. இத்தமிழர் துயரம் அதன் பொருளாகவில்லை. அப்படத்தைக் காணும் தமிழர், அது யாருடைய படம் என்று வினவுவாராயின், அதில் யாருடைய கதை இல்லை என்பதனையும் உடன் அறிவர்.