படிக்கட்டின் அடியில் நிற்கும் குழந்தை

“யாரிடமும் கையேந்தாமல் வாழ்ந்துவிட்டேன்” என்று பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். உழைத்து வாழ்ந்தவருக்கு அது நியாயமான பெருமைதான். ஆனால் அதே மனநிலையோடு இறைவன் முன்னும் நிற்கத் தொடங்கினால், நம் செபம் கணக்கு ஒப்படைப்பதாக மாறிவிடுகிறது. இத்தனை செபமாலை, இத்தனை ஒருசந்தி, இத்தனை தர்மம் என்று பட்டியல் போடுகிறோம். கோவிலில் நின்ற பரிசேயர் செய்ததும் அதுதான் (லூக் 18:9-14). அவர் பொய் சொன்னதாக இயேசு கூறவில்லை. கடவுளிடம் கேட்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லாமல் போனதுதான் அவரது வறுமை.

தாழ்ச்சி என்றதும் நம்மை நாமே மட்டம் தட்டிக்கொள்வது என்று நினைக்கிறோம். “நான் எதற்கும் உதவாதவன்” என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் அதை மறுத்துப் பேசக் காத்திருப்பதும் தற்பெருமையே. உண்மையான தாழ்ச்சி நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை; இறைவனைப் பார்க்கிறது.

இதை நமக்கு எளிமையாகக் கற்றுத் தந்தவர் புனித குழந்தை இயேசுவின் தெரேசாள். 1873-ல் பிரான்சு நாட்டில் பிறந்த அவர், 1888-ல் தமது 15-ஆம் வயதில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். புனிதையாக வேண்டும் என்பதே அவரது ஏக்கம். ஆனால் புனிதர்களோடு தம்மை ஒப்பிட்டபோது, மலைக்கு முன் கிடக்கும் மணல் துகளாகவே தம்மைக் கண்டார். செப வேளையில் பல முறை தூங்கிவிடுவார். அதற்காக அவர் மனம் உடைந்துவிடவில்லை. தூங்கும் பிள்ளையையும் பெற்றோர் அன்பு செய்கிறார்களே என்று ஆறுதல் கொண்டார்.

அந்தக் காலத்தில் செல்வந்தர் வீடுகளில் லிஃப்ட் வரத் தொடங்கியிருந்தது. நிறைவின் படிகளில் ஏற முடியாத தமக்கு இயேசுவின் கரங்களே லிஃப்ட் என்று அவர் எழுதினார். அப்படித் தூக்கிச் செல்லப்பட, தாம் வளரத் தேவையில்லை, சிறியவராகவே இருக்க வேண்டும் என்று உணர்ந்தார்.

அப்படியானால் நம் முயற்சி தேவையில்லையா? இதற்கும் அவர் ஒரு நவசந்நியாசிக்கு விளக்கம் தந்தார். நடை பழகும் குழந்தை முதல் படியில் ஏறக் காலைத் தூக்குகிறது, விழுகிறது, மீண்டும் தூக்குகிறது. மேலே நிற்கும் தந்தை அதைப் பார்த்து இறங்கி வந்து அள்ளிக்கொள்கிறார். காலைத் தூக்குவது நம் பங்கு. மேலே கொண்டு சேர்ப்பது இறைவனின் செயல்.

இது இன்பமான நாட்களில் மட்டும் பேசிய பேச்சல்ல. 1896-ஆம் ஆண்டு புனித வாரத்தில் காசநோயின் அறிகுறி வெளிப்பட்டது. அதே பாஸ்கா காலத்தில் விசுவாச இருளும் அவரைச் சூழ்ந்தது. விண்ணகம் என்ற ஒன்று இல்லையோ என்ற சோதனை அவரை வாட்டியது. பற்றிக்கொள்ள உணர்வு ஏதும் இல்லாதபோதும் அவர் இறைவனின் கரத்தை விடவில்லை. 1897 செப்டம்பர் 30 அன்று, 24 வயதில் இறந்தார். 1925-ல் திருச்சபை அவரைப் புனிதையாக உயர்த்தியது. 1997-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பெரிய கல்விக்கூடம் எதிலும் பயிலாத இவரை மறைவல்லுநராக அறிவித்தார்.

நமக்கும் இந்தப் பாடம் தேவைப்படும் நேரங்கள் உண்டு. அதே பாவத்தோடு மீண்டும் ஒப்புரவு அருட்சாதனத்திற்குப் போக வெட்கப்படுகிறோம். நோய்ப்படுக்கையில் பிறர் நமக்கு உணவு ஊட்டும்போது கூனிக் குறுகுகிறோம். செபிக்க வார்த்தை வராமல் தவிக்கிறோம். இந்நேரங்களில் இறைவன் நம்மை விட்டு விலகிவிட்டதாக எண்ண வேண்டாம். நம் கை காலியாக இருக்கும்போதுதான் அவர் அதைப் பிடிக்க முடியும்.

இன்று நம்மால் இயன்ற சிறு அடியை எடுத்து வைப்போம். விழுந்தால் அங்கிருந்தே தந்தையை நோக்கிக் கை நீட்டுவோம். சிறு பிள்ளைகளைப் போல் ஆக (மத் 18:3) வேண்டிய அருளை அவரிடமே கேட்போம்.