இலை சமைத்தது, வேர் பட்டினி கிடந்தது!

மேலே ஒரு மரம், கீழே வேறு மரம். இரண்டும் சேர்ந்து ஒரே மரமாக நிற்கின்றன என்றால் நம்புவீர்களா? தோட்டங்களில் உள்ள ஆரஞ்சு, சாத்துக்குடி மரங்களில் பல இப்படி ஒட்டுக் கட்டியவைதான்.

விதை போட்டு வளர்த்தால் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதனால், வலுவான வேருள்ள கன்றின் பட்டையைக் கீறி, நல்ல பழம் தரும் மரத்தின் மொட்டை உள்ளே செருகிக் கட்டுவார்கள். மொட்டு துளிர்த்ததும் கன்றின் பழைய தலையை வெட்டிவிடுவார்கள். கீழே இருப்பதற்கு 'வேர்ச்செடி' என்று பெயர்.

அப்புறம் கூட்டுக் குடித்தனம்தான்! இலை வெயிலில் சர்க்கரை சமைக்கும். அதுதான் நீங்கள் படிக்கும் ஒளிச்சேர்க்கை. சமையலுக்குத் தண்ணீர் அனுப்புவது வேர். தண்ணீர் மேலே ஏறும் குழாய் சைலம். சர்க்கரை கீழே இறங்கும் குழாய் புளோயம். ஒட்டுப் பகுதியில் இரண்டு குழாய்களும் நன்றாக இணைந்திருக்க வேண்டும்.

அந்த இணைப்பு கெட்டால் என்ன ஆகும்? பிரேசில் நாட்டு விவசாயிகளைக் கேட்டால் தெரியும். அங்கே புளிப்பு ஆரஞ்சு வேரின் மேல் இனிப்பு ஆரஞ்சை ஒட்டி வளர்த்தார்கள். 1937 முதல் அந்த மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. சில மரங்களில் பழம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இலைகள் வாடின. லட்சக்கணக்கான மரங்கள் போயின. அந்த நோய்க்கு 'டிரிஸ்டேசா' என்று பெயர் வைத்தார்கள். போர்த்துக்கீசிய மொழியில் 'சோகம்' என்று பொருள்!

இதில் ஒரு புதிர் பாருங்கள். சொந்த வேரில் நின்ற இனிப்பு ஆரஞ்சு சாகவில்லை. சொந்த வேரில் நின்ற புளிப்பு ஆரஞ்சும் சாகவில்லை. இரண்டையும் ஒட்டினால்தான் சாவு!

குற்றவாளி ஒரு வைரஸ். அசுவினிப் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் பரப்பின. இனிப்பு ஆரஞ்சு அதைத் தாங்கிக்கொண்டது. ஆனால் ஒட்டுக்குச் சற்றுக் கீழே, புளிப்பு ஆரஞ்சின் புளோயம் செத்துப்போனது. இலை சமைத்த சர்க்கரை கீழே இறங்க வழியில்லை. மேலே சர்க்கரை தேங்கினால் இலையின் சமையலும் மந்தமாகும். கீழே வேரோ பட்டினி! பட்டினி கிடக்கும் வேர் எப்படித் தண்ணீர் உறிஞ்சும்? தண்ணீர் வராததால் இலை தன் நுண்துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் கார்பன் டை ஆக்சைடு நுழையாது. அடுப்பே அணைந்துவிடும்.

அரிசி மாவில் அயோடின் விட்டால் கருநீலமாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சோதனையை வெட்டிய வேரிலும் செய்வார்கள். நல்ல வேரில் மாவுச்சத்து இருப்பதால் நிறம் மாறும். இந்த நோய் கண்ட மரத்தின் வேரில் மாறாது. அங்கே சேமிப்பே இல்லையே!

பிரேசில்காரர்கள் வைரஸை ஒழிக்கவில்லை, வேரை மாற்றினார்கள். அவர்களுக்குப் பெரிதும் கை கொடுத்தது ரங்பூர் எலுமிச்சை. ரங்பூர் இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஊர். பெயர்தான் எலுமிச்சை, பழம் பார்க்க ஆரஞ்சு போலவே இருக்கும், வாயில் வைத்தால் ஒரே புளிப்பு! அதன் வேர் இந்த வைரஸைத் தாங்கும், வறட்சியையும் தாங்கும். நம் ஊரிலும் சாத்துக்குடியை இதில் ஒட்டுகிறார்கள்.

அடுத்த முறை நாற்றுப் பண்ணைக்குப் போனால், சாத்துக்குடிக் கன்றின் அடித்தண்டை உற்றுப் பாருங்கள். மண்ணுக்குச் சற்று மேலே ஒட்டுத் தழும்பு தெரியும். அதற்குக் கீழே துளிர் விட்டிருந்தால் அது வேர்ச்செடியின் கிளை. உடனே கிள்ளிவிடச் சொல்லுங்கள். விட்டால் அதுவே மரமாகி, சாத்துக்குடிக்குப் பதில் புளிப்புப் பழம்தான் கிடைக்கும்!